அந்தமானில் ஸ்கூபா முக்குளிப்பு: திரும்பும் விமானத்திலிருந்து தொடங்க வேண்டிய பயணத் திட்டம்

இந்தியாவில் ஸ்கூபா முக்குளிப்புக்குப் பெயர் பெற்ற இடங்களுள் முதன்மையானது அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் இத்தீவுக்கு சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது. இங்கு செல்லத் திட்டமிடுவோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கட்டணத்தையும், என்ன மீன்களைக் காணலாம் என்பதையும்தான். கடலுக்குள் பலமுறை சென்று பழகியவர்களோ வேறு விவரங்களைத் தேடுகின்றனர். எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும், நீரோட்டத்தின் வேகம் எத்தகையது, தங்கள் பயிற்சிக்கு உட்பட்ட ஆழமா, விபத்து நேரிட்டால் சிகிச்சை எங்கே கிடைக்கும், நீரிலிருந்து வெளியேறி எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்பவையே அவை. இவற்றில் கடைசிக் கேள்வியைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் நிலப்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்காகவும், 30 மீட்டரில் நான்கு மடங்காகவும் இருக்கும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிக அளவில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சின் வழியே சிறிது சிறிதாக வெளியேறிவிடும். அழுத்தம் திடீரெனக் குறைந்தால், சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழ்கள் உருவாகின்றன. இதுவே அழுத்தக்குறைவு நோய். மூட்டு வலி, மரத்துப்போதல், தோல் தடிப்பு, காரணம் புரியாத களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கடுமையான நிலையில் பக்கவாதமும் ஏற்படலாம். பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் உள்ள அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், முக்குளித்த உடனே விமானம் ஏறுவது ஆபத்தாகிறது.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஒரே ஒருமுறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாள்களோ முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருந்த பின்னரே விமானம் ஏற வேண்டும். 24 மணி நேர இடைவெளி விடுவோரும் உண்டு. ஞாயிறு காலை 9 மணிக்கு விமானம் என்றால், சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் கடைசி முக்குளிப்பு முடிந்திருக்க வேண்டும். விமான நிலையமோ ஹேவ்லாக்கில் இல்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குத் தனியார் விரைவுக் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரமும், அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரமும் பயணிக்க வேண்டும். கடல் சீற்றத்தால் கப்பல் சேவை ரத்தாவதும் உண்டு. எனவே கடைசி நாளை முக்குளிப்பு இன்றி ஒதுக்கிவிடுவதே விவேகம். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் வீணாகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள் தேவையற்ற ஆபத்தை ஏற்கின்றனர்.

அழுத்தக்குறைவு நோய்க்கு முதலுதவி தூய ஆக்சிஜன். முழுமையான சிகிச்சை, நோயாளியை உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் அளிப்பது. அந்தமானில் இந்த வசதி ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஐஎன்எச்எஸ் தன்வந்தரி கடற்படை மருத்துவமனையில் உள்ளது. அதாவது, ஹேவ்லாக்கில் பாதிக்கப்படும் ஒருவர் கடலைக் கடந்தே அங்கு சென்று சேர வேண்டும். ஆகவே படகில் ஆக்சிஜன் உருளை உள்ளதா, அதைக் கையாளத் தெரிந்தவர் உடன் வருகிறாரா, அவசர காலத்தில் கரைக்கு யார், எப்படித் தகவல் தருவர் என்பதை முன்பணம் செலுத்துவதற்கு முன் கேட்டறிவது அவசியம். தெளிவான பதில் தர முடியாத நிறுவனத்தை விட்டு விலகுவது நல்லது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபாவுக்கு விலக்கு உள்ளதால், காப்பீட்டு ஆவணத்தையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவமழை வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலம் உகந்ததன்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானிலை பெரும்பாலும் சாதகமாக இருக்கும். நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால் மெல்லிய உடையே போதுமானது. ஆனால் மாதத்தை மட்டுமின்றி பிறையையும் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் பெருகி நீரோட்டம் வேகமெடுக்கும். அஷ்டமியை ஒட்டி அது தணியும். மீனவர்களுக்கு இது புதிய செய்தியன்று. விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கும் நகரவாசிகள்தாம் மறந்துவிடுகின்றனர்.

ஹேவ்லாக்கில் எல்லா இடங்களும் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. கரையிலிருந்தே இறங்கக்கூடிய, ஆழம் குறைந்த நீமோ ரீஃப் புதியவர்களுக்கு உரியது. டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் ஆகியவற்றின் பாறைகளும் மீன் கூட்டங்களும் புகழ்பெற்றவை. ஆனால் அவற்றை முழுமையாகக் காண 18 மீட்டருக்கும் கீழே செல்ல வேண்டும், நீரோட்டத்தையும் சமாளிக்க வேண்டும். பேடி அமைப்பின் முறைப்படி, தொடக்கநிலைச் சான்றிதழான ஓபன் வாட்டர் பெற்றவருக்கு வரம்பு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30 மீட்டர். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநருடன் இறங்கிப் பார்ப்பவருக்கு 12 மீட்டர். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவப் படிவத்தில் உண்மையை மறைக்கலாகாது. சளி பிடித்திருந்தால் அன்றைய முக்குளிப்பைக் கைவிட வேண்டும்.

விளம்பரப் படங்களை எச்சரிக்கையுடன் நோக்குவதும் தேவை. 2010-இல் கடல்நீர் வெப்பமடைந்ததால் அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. 2016-இலும் பாதிப்பு ஏற்பட்டது. எனவே படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். யூனியன் பிரதேசத்தின் மாநில விலங்கான கடற்பசுவைக் காண்பது உறுதி என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டியதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை; கரையில் ஒதுங்கிய இறந்த துண்டை எடுத்து வந்தாலும் விமான நிலையத்தில் சிக்கல் நேரும். இத்தீவுகளில் உவர்நீர் முதலைகளும் உள்ளன. 2010-இல் ஹேவ்லாக்கில் முதலை தாக்கி வெளிநாட்டுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். கடற்கரை எச்சரிக்கைப் பலகைகளை மதிப்பது அதனால்தான் முக்கியம்.

ஹேவ்லாக் செல்ல இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் நுழையத் தடை உள்ளது. லட்சத்தீவுக்குச் செல்வதாயின், இந்தியர்களும் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். கர்நாடகத்தின் முருதேஸ்வரம் அருகேயுள்ள நேத்ராணி, கோவாவின் கிராண்ட் தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களுக்கு இத்தகைய நடைமுறை இல்லை. கோவாவில் நீரின் தெளிவு அந்தமானைவிடக் குறைவு.