கருக்கலைப்பு: சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது? செலவுக்கு மெடிசேவ் கைகொடுக்குமா?

வீட்டில் பேச மாட்டோம். தோழியிடம் கேட்கவும் தயக்கம். கடைசியில் கைபேசியில் தேடுவோம். அங்கே கிடைக்கும் தகவலில் பாதி வேறு நாட்டுக்கு உரியதாக இருக்கும்.

கருக்கலைப்பைப் பொறுத்தவரை அது சிக்கலில் கொண்டுபோய் விடலாம். ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்பதே காரணம். சிங்கப்பூரில் நடைமுறை என்ன? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சட்டப்படி அனுமதி உண்டா?

உண்டு. 1970ஆம் ஆண்டிலிருந்தே இங்குக் கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் அதிகம். 1974இல் அவை தளர்த்தப்பட்டன.

இப்போது 24 வாரம் வரை, பெண்ணின் எழுத்துபூர்வச் சம்மதத்துடன் செய்யலாம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்கள் கணக்கிடப்படும். அதாவது, மாதவிடாய் தள்ளிப்போனது தெரியவரும்போதே நான்கு வாரம் ஓடியிருக்கும்.

24 வாரத்துக்குப் பிறகு? பெண்ணின் உயிரைக் காப்பாற்றவோ, அவரது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான, நிரந்தரப் பாதிப்பு வராமல் தடுக்கவோ மட்டுமே அனுமதி.

யார் செய்துகொள்ளலாம்?

- சிங்கப்பூரர்கள், அவர்களின் மனைவியர்
- வேலை அனுமதி வைத்திருப்போர், அவர்களின் மனைவியர்
- குறைந்தது 4 மாதம் இங்கு வசித்திருப்போர்

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்த நிபந்தனை பொருந்தாது.

அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். வேறு எங்கே செய்தாலும் சட்டவிரோதம்.

போன அன்றே முடிந்துவிடுமா?

முடியாது. முதலில் ஆலோசனை. அதன் பிறகு குறைந்தது 48 மணிநேரம் கழித்துத்தான் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட முடியும்.

முன்பு, குறிப்பிட்ட கல்வித் தகுதி உள்ள, மூன்று பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே ஆலோசனை கட்டாயமாக இருந்தது. 2015இல் அது எல்லாப் பெண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

ஆலோசனைக்குப் போனால் முடிவெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. மனம் மாறினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காசு யார் கட்டுவது?

மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மெடிசேவ். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் இதைக் கருக்கலைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். சிகிச்சையின் வகையைப் பொறுத்து எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. மிச்சம் கைக்காசு.

இரண்டாவது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி. கருக்கலைப்புக்கு அது பொருந்தாது. 2019இலிருந்து கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் ஏற்படும் கடுமையான சிக்கல்களுக்குக் காப்புறுதி உண்டு. ஆனால் அது வேறு விஷயம்.

மூன்றாவது, எங்கே போகிறீர்கள் என்பது. அரசாங்க மருத்துவமனைக்கும் தனியார் மருந்தகத்துக்கும் கட்டணம் ஒன்றல்ல. பலதுறை மருந்தகம் வழியாகப் போவதா, நேரே போவதா என்பதும் கட்டணத்தை மாற்றலாம். மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் மெடிசேவ் எவ்வளவு கட்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் பணம்தான் பிரச்சினை என்றால் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசலாம்.

அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணவரின் சம்மதமும் தேவையில்லை. உங்கள் அனுமதியின்றி விவரத்தை வெளியிடுவது குற்றம்.

ஆனால் மெடிசேவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவரின் கணக்கில் பொதுவாக அவ்வளவு பணம் இருக்காது. பெற்றோரின் மெடிசேவைப் பயன்படுத்தலாம். ஆனால் கணக்கு வைத்திருப்பவர் அதற்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும். ரகசியமும் வேண்டும், பணமும் இல்லை என்றால் அங்கேதான் முட்டிக்கொள்ளும்.

16 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பெண்களுக்கு ஆலோசனை நடைமுறை தனி. அந்த வயதினருடன் உடலுறவு கொள்வது குற்றம் என்பதால் காவல்துறை விசாரணைக்கும் வாய்ப்புண்டு. உதவி தேடத் தயங்க அது காரணமாக இருக்கக்கூடாது.

இல்லப் பணிப்பெண்களின் நிலை?

சட்டம் அவர்களுக்கும் அனுமதி தருகிறது. ஆனால் மெடிசேவ் கணக்கு கிடையாது. மொத்தச் செலவும் அவர்கள் தலையில்தான். ஒர்க் பெர்மிட் நிபந்தனைப்படி, விதிவிலக்கு இல்லாவிட்டால், அவர்கள் இங்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. தெரியவந்தால் வேலை போகலாம், ஊருக்குத் திரும்ப நேரலாம். உரிமை தாளில் இருந்தாலும், வெளியே சொல்லவே பயப்படும் நிலை அவர்களுக்கு.

யாராவது வற்புறுத்தினால்?

மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ ஒரு பெண்ணைக் கருக்கலைப்புக்கு உட்படுத்துவது குற்றம். அது காதலராக இருந்தாலும் சரி, குடும்பமாக இருந்தாலும் சரி.

மறுபக்கம், மனசாட்சிக்கு ஒவ்வாது என்று ஒரு மருத்துவர் மறுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்றவோ கடுமையான பாதிப்பைத் தடுக்கவோ வேண்டிய நிலையில் மட்டும் அப்படி மறுக்க முடியாது. ஒருவர் மறுத்தால் நாள் கடத்தாமல் வேறு மருத்துவரை நாடுங்கள்.

நினைவில் வைக்க

- வரம்பு 24 வாரம்
- ஆலோசனை கட்டாயம், அதன் பின் 48 மணிநேரம்
- மெடிசேவ் உண்டு, மெடிஷீல்டு லைஃப் இல்லை
- முடிவு பெண்ணுடையது

எந்த முடிவாக இருந்தாலும், சந்தேகம் வந்தவுடன் மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள, தெரிவுகள் குறையும்.