நிறை நிறமாலைப் படமாக்கமும் ரங்கூன் கிருமியும்

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனைப் பிணவறையில், நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகளோடு இறந்தவர்களிடம் ஆல்ஃபிரட் விட்மோரும் உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் புதிய பாக்டீரியம் ஒன்றைக் கண்டனர். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். அது உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் என்னும் நோய்க்கு விட்மோர் பெயரும் உண்டு. கிருஷ்ணசாமியையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பர்க்கோல்டேரியா சூடோமாலியை என்னும் அக்கிருமியின் மரபுத்தொகுதி 2004இல் வெளியானது. இரண்டு குரோமோசோம்கள், சுமார் 72 லட்சம் காரஇணைகள். இயற்கை வேதிப்பொருள்களை உருவாக்கும் மரபணுத் தொகுப்புகள் இதில் ஏராளம். பல, சாதாரண வளர்ப்பில் உறங்கிக்கிடப்பவை. அப்படி உறங்கிய ஒன்றைத் தட்டியெழுப்பி, தீங்கு குறைந்த உறவினமான பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிசில் 2012இல் ஆய்வாளர்கள் மாலிலாக்டோன் என்னும் வேதிப்பொருளைக் கண்டறிந்தனர்.

இத்தகைய தேடலுக்கு நிறை நிறமாலைப் படமாக்கம் வலுவான கருவி. மெல்லிய அகாரில் வளர்ந்த பாக்டீரியாக் குழுமத்தின் மேல் லேசர் ஒளியை உறிஞ்சும் பொருளைத் தூவி, உலர்த்தி, புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். புள்ளிதோறும் எழும் அயனிகளின் நிறை பதிவாகி, எந்தப் பொருள் எங்கே சுரந்தது என்ற வரைபடம் கிடைக்கும். இரு பாக்டீரியாக்களை அருகருகே வளர்த்தால், அவற்றின் எல்லையில் மட்டும் தோன்றும் பொருளும் தெரியும். சான் டியேகோவில் பீட்டர் டாரஸ்டைன் குழு 2009இல் பேசிலஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் இரண்டையும் இவ்வாறே படமாக்கியது.