திண்டுக்கல் சிற்றூர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை (2000–2006): ஆய்விலிருந்து நடைமுறைக்கு

முன்னுரை

ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள அம்பிளிக்கை, காய்கறிச் சந்தைக்குச் செல்லும் வண்டிகள் கடந்துபோகும் ஒரு சிற்றூர். புற்றுநோய்த் தடுப்பு வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெறுங்கண்ணால் நோக்கும் ஓர் எளிய முறை பெண்களின் இறப்பைக் குறைக்க வல்லது என்பதற்கான முதல் வலுவான சான்று இவ்வூரை மையமாகக் கொண்ட ஆய்விலிருந்து வெளிவந்தது. 2007 ஆகஸ்டில் 'லான்செட்' இதழ் அதனை வெளியிட்டது. மருத்துவக் கல்வி நிறுவனங்களும் ஊர்ப்புற மருத்துவமனை ஒன்றும் கைகோத்து நடத்திய இவ்வாய்வு, அரசின் சுகாதாரப் பணியாக எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றத்தில் எது நின்றது, எது கைநழுவியது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாவட்டத்தின் முன்மரபு

ஊர்ப்புறத்தையே ஆய்வுக்களமாகக் கொள்ளும் வழக்கம் திண்டுக்கல் சமவெளிக்குப் புதிதன்று. சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், 1956இல் ஊரக உயர்கல்வி நிறுவனத்தையும், 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்பநலத்துக்குமான தனி நிறுவனத்தையும் தோற்றுவித்தது. ஆத்தூர் ஒன்றியத்தில் 1959இல் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டம், அரசு ஊழியரும் ஆய்வாளரும் ஒரே ஊர்களில் பணியாற்ற இடமளித்தது. அம்பிளிக்கை முயற்சி இம்மரபின் நேர் வாரிசு என்று கூறுதல் பொருந்தாது. அது 1955இல் ஒட்டன்சத்திரத்தில் தோன்றிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையின் வழிவந்தது. எனினும் பட்டறிவும் கேள்வியும் ஊரிலிருந்து தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவாகும்.

பதிவேடு என்னும் அடித்தளம்

சோதனைக்கு முன்னரே பதிவேடு வந்தது. இதுவே இவ்வரலாற்றில் மிகுதியும் கவனிக்கத்தக்க செய்தி. அம்பிளிக்கையின் சமுதாய நலவாழ்வு மையமும், சென்னை அடையாற்றில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய புற்றுநோய் நிறுவனமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து 1990களின் பிற்பகுதியில் மாவட்ட மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேட்டை உருவாக்கின. இந்தியாவின் பதிவேடுகள் பெரும்பாலும் மாநகரங்களைச் சார்ந்தவை. சென்னைப் பதிவேடு 1982 முதல் தரவு அளித்துவருவதும் மாநகரத்தைப் பற்றியே. ஊர்ப்புறம் எண்களில் தோன்றாது. அங்கே நோய் குறைவு என்ற தவறான தோற்றமே எஞ்சும்.

ஊர்ப்புறப் பதிவு எளிதன்று. நோயாளி உள்ளூர் மருத்துவரிடம் தொடங்கி மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று பெருமருத்துவமனைகளை நாடுவர். வீட்டில் இறந்தவரின் இறப்புச் சான்றில் நோய்க்காரணம் இடம்பெறாது. ஆகவே தகவல் தம்மைத் தேடிவரும் என்று பதிவாளர் காத்திருத்தல் இயலாது. மருத்துவமனைக் குறிப்பேடுகளையும் ஊர்ப் பதிவுகளையும் வீடுகளையும் நாடிச்சென்று ஒப்பிட்டே எண்ணவேண்டும். இவ்வாறு எண்ணியபோது, திண்டுக்கல் ஊர்ப்புறப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடம் பெற்றதும், அதன் வீதம் உலக அளவில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்ததும் வெளிப்பட்டன. இப்பதிவேட்டின் தரவு பின்னர் உலகப் பதிவேடுகளின் தொகுப்பிலும் இடம்பெற்றது.

முறையின் எளிமை

மேலைநாடுகளில் இந்நோயைக் குறைத்தது, பாப்பனிக்கொலோ வகுத்த உயிரணுச் சோதனை. அதற்கு ஆய்வகமும், உயிரணுக்களைப் படித்தறியும் வல்லுநரும், ஆண்டுகள்தோறும் மீள அழைக்கும் ஏற்பாடும் வேண்டும். மாதிரி ஆய்வகம் சென்று முடிவு திரும்புவதற்குள் அப்பெண் களத்து வேலைக்குச் சென்றிருப்பார். மீண்டும் வரச்சொன்னால் ஒரு நாள் கூலி போகும். மாறாக, நீர்த்த அசெட்டிக் அமிலம் பட்ட இடத்தில் மாறுபட்ட திசு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தோன்றும். இது புதிய கண்டுபிடிப்பன்று. 1920களில் ஜெர்மானிய மருத்துவர் ஹின்செல்மான் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயை நோக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அமிலத்தின் பயன் அறியப்பட்டது. அதனைக் கருவியின்றி, பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணுக்கு ஒப்படைத்ததே புதுமை. ஜிம்பாப்வேயில் நிகழ்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, இம்முறை நோய்மாற்றங்களைத் தவறவிடாத திறனை ஓரளவு நிறுவியிருந்தது. இறப்பைக் குறைக்குமா என்பதற்கு மட்டும் அப்போது விடை இல்லை.

சோதனையும் அதன் விளைவும்

அம்பிளிக்கை மையத்துடன் அடையாறு நிறுவனம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்வி நிறுவனம், லியோன் முகமை ஆகியவை பங்குகொண்டன. சங்கரநாராயணன் தலைமையேற்றார், எஸ்மி, ராஜ்குமார், சாந்தகுமாரி, சுவாமிநாதன், ஜேக்கப் செரியன் முதலியோர் உடன் ஆசிரியர்கள். நிதி, கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியுடன் இயங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்புக் கூட்டணி வழியே வந்தது.

மாவட்டத்தின் 114 தொகுதிகளுள் 57 சோதனைப் பிரிவுக்கும் 57 ஒப்பீட்டுப் பிரிவுக்கும் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டன. 30 முதல் 59 வயது வரையுள்ள நலமான பெண்களே ஆய்வுக்குரியோர். சோதனைப் பிரிவின் 49,311 பெண்களுள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், ஒருமுறை சோதிக்கப்பட்டனர். ஒப்பீட்டுப் பிரிவின் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியையே பெற்றனர். சோதிக்கப்பட்டவருள் 3,088 பேரிடம், ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம், மாற்றம் தெரிந்தது. அவர்களுக்கு உருப்பெருக்கி நோக்கும் தேவைக்கேற்பத் திசுச்சோதனையும் செய்யப்பட்டன. தகுதியுடையோருக்கு அதே வருகையிலேயே உறைகுளிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியரே அதனையும் செய்தனர். 'பார்த்தல், உடனே சிகிச்சை அளித்தல்' என்ற இந்த இணைப்பு இல்லையெனில், வெண்மையைக் கண்டறிந்ததனால் பெரும் பயன் விளைந்திருக்காது.

பின்தொடர்ந்த காலத்தில், சோதனைப் பிரிவில் 2,74,430 ஆள்-ஆண்டுகளில் 167 புற்றுநோய்களும் 83 இறப்புகளும் பதிவாயின. ஒப்பீட்டுப் பிரிவில் 1,78,781 ஆள்-ஆண்டுகளில் 158 புற்றுநோய்களும் 92 இறப்புகளும் பதிவாயின. பிரிவுகளின் அளவு வேறுபடுவதால் இறப்புகளை நேருக்குநேர் ஒப்பிடலாகாது. ஓர் இலட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு முதற்பிரிவில் சுமார் 30 இறப்பு, இரண்டாவதில் சுமார் 51 என்பதே பொருத்தமான ஒப்பீடு. உரிய சரிக்கட்டல்களுக்குப் பின் நோய்நிகழ்வு 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன எனக் கணிக்கப்பட்டது. முப்பது வயதுகளிலிருந்த பெண்களிடையே பயன் மிகுதி.

இங்கு மறக்கலாகாத ஓர் எண் உண்டு. புற்றுமுன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களுள் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். தேர்ந்த குழுவும் நிதியும் இருந்தும் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே நின்றனர். ஆய்வுக்கு உள்ளேயே இவ்வளவு கசிவு இருந்தது என்றால், வழக்கமான சேவையில் கசிவு இன்னும் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தல் தவறாகாது.

ஒப்பீட்டுப் பிரிவு எழுப்பும் அறவினா

இதே காலத்தில் மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் ஒத்த சோதனைகள் நடைபெற்றன. உஸ்மானாபாத் ஆய்வு 2009இல் வெளியானபோது, 1,31,746 பெண்களிடையே ஒருமுறை செய்த பாப்பிலோமா வைரஸ் சோதனை இறப்பைக் குறைத்தது. கண்ணோக்கு முறையோ அங்கே அத்தகைய பயன் தரவில்லை. 2014இல் வெளிவந்த மும்பை ஆய்வு, நான்கு சுற்றுக் கண்ணோக்கில் இறப்பு 31 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. ஒரே முறை, ஒரே நாடு, மாறுபட்ட விளைவு. பார்ப்பவரின் பயிற்சியையும், சிகிச்சை எவ்வளவு விரைவில் கிட்டுகிறது என்பதையும் பொறுத்தே இம்முறையின் ஆற்றல் அமைகிறது என்று கொள்வதே தகும்.

இம்மூன்று ஆய்வுகளின் ஒப்பீட்டுப் பிரிவுகளில் மொத்தம் 1,38,624 பெண்கள் இருந்தனர். அவர்களுள் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தனர். உயிரணுச் சோதனையின் பயன் முன்பே அறியப்பட்டிருக்க, சோதனையற்ற பிரிவை வைத்தது முறையா என்று அமெரிக்க நோய்க்குறியியலாளர் எரிக் சூபா கடுமையாக வினவினார். இந்தியாவில் நடைமுறையிலிருந்த நிலையே சோதனையின்மை என்பது ஆய்வுத்தரப்பின் விடை. இவ்விடை உண்மை, ஆனால் முழுமையானதன்று. ஏழ்மையால் அமைந்த நிலையை ஒப்பீட்டுத் தரமாக ஏற்கும்போது, அந்த ஏழ்மையும் ஆய்வின் ஒரு கருவியாகிவிடுகிறது. அதே வேளையில், அரசைச் செயலுக்குத் தூண்டிய சான்று இந்த 92 இறப்புகளும் எண்ணப்பட்டதனாலேயே கிட்டியது. இரண்டையும் ஒருங்கே கருதாமல் அம்பிளிக்கையைப் புகழ்வதோ பழிப்பதோ எளிது.

அரசுப் பணியாக மாறுதல்

உலக வங்கியின் உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாக மேற்கொண்டது. ஆய்வு நடந்த திண்டுக்கல் அதில் இல்லை. அண்டை மாவட்டமான தேனியே களமாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்குப் பயிற்சியளித்து, அமிலத்தாலும் அயோடினாலும் கண்ணோக்கும் முறை அங்கு பின்பற்றப்பட்டது. பின்னர் 2010களின் தொடக்கத்தில் தொற்றா நோய்த் திட்டத்தின் வழியே மாநிலமெங்கும் அது விரிந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் 'சோதித்துச் சிகிச்சை அளித்தல்' பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையும் கண்ணோக்கு முறையையே ஏற்றது.

முறை அரசுக்குள் நுழைந்தது. முறையைத் தாங்கிய ஏற்பாடு முழுமையாக நுழையவில்லை. அம்பிளிக்கையில் யார் சோதனைக்குரியவர் என்ற பெயர்ப்பட்டியல் முதலில் உருவானது. வராதவர் யார் என்பது பட்டியலால் தெரிந்தது. நேர்ந்த நோயையும் இறப்பையும் பதிவேடு சொல்லிற்று. சுகாதார நிலையத்தில் வேறு காரியமாக வந்த பெண்ணை அழைத்துச் சோதிக்கும்போது வந்தவர் எண்ணிக்கை தெரியும், வராதவர் தெரியார். வயதில் மூத்தோரும் பள்ளி செல்லாதோரும் கணவரை இழந்தோரும் அவர்களுள் மிகுதி என்பதைத் திண்டுக்கல் ஆய்வுக்குழு 2003இலேயே பங்கேற்பைப் பற்றிய தனிக்கட்டுரையில் உணர்த்தியிருந்தது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் எப்போதேனும் இச்சோதனை செய்துகொண்டவர் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. வயது வரம்பும் கணக்கெடுப்பு முறையும் வேறுபடுவதால் 63.6 என்ற பழைய எண்ணுடன் இதனை அப்படியே நிறுத்துப் பார்க்கலாகாது. எனினும் பிற மாநிலங்களை நோக்கத் தமிழ்நாடு பெற்றுள்ள முன்னேற்றமும், தன் மண்ணில் நிகழ்ந்த ஆய்வை நோக்க அது கடக்கவேண்டிய தொலைவும் இவ்வெண்களில் ஒருங்கே தெரிகின்றன. 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் வைரஸ் சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. அதற்கும் வீடுவாரியான பட்டியல் வேண்டும். மாற்றம் கண்டறியப்பட்டவரை அதே வாரத்தில் சிகிச்சைக்கு அழைத்துவர ஒரு செவிலியர் வேண்டும்.