தங்கவயலின் முதல் தலைமுறை மாணவர்களும் சமுதாயக் கல்லூரியின் கடமையும்

கோலார் தங்கவயலில் ஒரு குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவர் பட்டம் பெற்றால், அதை அவருடைய விடாமுயற்சியின் வெற்றி என்று கொண்டாடுகிறோம். அவரே பாதியில் நின்றுவிட்டால் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிவிடுகிறோம். இரு தீர்ப்புகளும் மாணவரை மட்டுமே எடைபோடுகின்றன, கல்லூரியை எடைபோடுவதில்லை. இங்குள்ள ஆண்டர்சன்பேட்டை போன்ற பகுதிகளில் படிப்புக்குக் குறுக்கே நிற்பவற்றுள் பல, கல்லூரி நினைத்தால் களையக்கூடியவை. அவற்றைக் களைவதற்கேற்ற அமைப்பும் தமிழ்ச் சூழலிலேயே உருவாகியிருக்கிறது. அதுவே சமுதாயக் கல்லூரி.

1. சுரங்கமும் படிப்பும்

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை விரிவாக்கியபோது வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் இங்கு வந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கம்பெனி நிலத்தில் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லைன் வீடுகள் எழுந்தன. அவற்றை ஒட்டி ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் வளர்ந்தன. அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கும் சுரங்கத்தில் இடமுண்டு என்ற எதிர்பார்ப்பு இருந்தவரை, படிப்பை விட்ட இளைஞருக்கும் ஒரு பிடிமானம் இருந்தது. பின்னாளில் இச்சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதும் அந்தப் பிடிமானம் போயிற்று. அன்றுமுதல் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்விச் சான்றிதழே பிழைப்புக்கான வழியாயிற்று.

இந்த மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்பதை வரலாறு ஏற்காது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே மிக ஆழமாக வேரூன்றிய இடங்களுள் தங்கவயலும் ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அவரது பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. 1907-ல் சென்னையில் தொடங்கி நின்றுபோன அவரது இதழ், ‘தமிழன்’ என்ற பெயரில் 1926-ல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பூமிக்கடியில் உழைத்தவர்கள் இதழ் வாங்கிப் படித்து, சமயத்தையும் சாதியையும் பற்றி விவாதித்த ஊர் இது.

2. மூன்று தடைகள்

முதல் தடை நேரம். சுரங்கம் மூடிய பின் பெங்களூருதான் வேலைச் சந்தை. அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காரப்பேட்டை வழியாக நகரம் போய் இரவில் வீடு திரும்பும் இளைஞருக்குப் பகல்நேரக் கல்லூரி எட்டாது. பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்கும் 75 சதவீத வருகை, சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளையைத் தேர்வுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது மொழி. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம், கல்லூரிப் பாடநூலில் ஆங்கிலம். மூன்று மொழிகளையும் சமாளிக்கும் மாணவரை மொழித்திறன் உள்ளவராக யாரும் மதிப்பதில்லை. ஆங்கிலம் தடுமாறினால் ‘வீக் ஸ்டூடன்ட்’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் பெரும்பாலும் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சாதியிழிவை மறுத்துப் பௌத்தம் தழுவிய குடும்பம் தன் சமயத்தை ஏட்டில் பதிந்திருந்தால், நாற்பது ஆண்டுகள் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளுக்கு வெளியே நின்றிருக்கும். கிறித்தவரானோர் இன்றும் அப்பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஒரே லைனில், ஒரே சுரங்கத்தில் உழைத்த இரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு உதவித்தொகை கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

3. சமுதாயக் கல்லூரி என்னும் விடை

புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மறு ஆண்டு சென்னை சமுதாயக் கல்லூரி பிறந்தது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாக வளர்த்தார். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொழிலகப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் ஆகியவை இதன் பாடத்திட்டத்தின் கூறுகள். முந்தைய மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கையை மறுப்பதில்லை. பள்ளியில் இடைநின்றவருக்கும் இடமுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013-ல் தன் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது.

இதன் சிறப்பு குறுகிய கால டிப்ளமோ படிப்பு என்பதில் இல்லை. யார் வருகிறார்களோ அவர்களுக்கேற்பக் கல்லூரி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில்தான் இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலேயே கற்பதும் பாடமாகக் கணக்கிடப்படும்போது, சம்பளமா படிப்பா என்ற நெருக்கடி தளர்கிறது.

4. ஒரு மறுப்பும் அதற்கான பதிலும்

ஏழைகளுக்கு டிப்ளமோ, வசதி படைத்தோருக்குப் பட்டம் என்று இது இரண்டாந்தரக் கல்வியாகிவிடாதா? இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கச் சமூகவியலர் பர்ட்டன் கிளார்க் 1960-லேயே இதைச் சுட்டினார். அங்குள்ள ஈராண்டுக் கல்லூரிகள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, பின்னர் பலருடைய பட்டக் கனவை மெல்லத் தணித்துவிடுகின்றன என்றார். தலைமுறை தலைமுறையாகச் சாதி பார்த்து வேலை ஒதுக்கப்பட்ட சமூகத்துக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. தோட்டியின் மகனுக்குத் துப்புரவு மேற்பார்வைப் பயிற்சி தருவது சமூக மாற்றமாகாது.

ஆயினும் அந்த ஆபத்து டிப்ளமோவுக்கு மேல் வழி அடைபட்டிருக்கும் இடத்தில்தான் எழுகிறது. அதில் பெற்ற தகுதிப்புள்ளிகள் (கிரெடிட்) பட்டப்படிப்பில் கழிவின்றிச் சேருமானால் டிப்ளமோ முதற்படியாகும். எனவே ஒரு சமுதாயக் கல்லூரியின் தரத்தை அறிய, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதோடு எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்றும் கேட்க வேண்டும்.

5. முடிவுரை

தங்கவயலில் சமுதாயக் கல்லூரிப் படிப்பை நடத்த முன்வரும் எந்த நிறுவனமும் நான்கு பொறுப்புகளை ஏற்க வேண்டும். பெங்களூரு வண்டியின் நேரத்தையொட்டி மாலை, ஞாயிறு வகுப்புகள் நடத்த வேண்டும். ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் தமிழ்வழி இணைப்புப் பாடம் வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழ்களைப் பெற்றுத்தரச் சேர்க்கையன்றே உதவ வேண்டும். இடைநின்ற ஒவ்வொருவரும் ஏன் நின்றார் என்பதைப் பதிந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இத்தனை செய்த பிறகும் ஒருவர் தோற்றால் மாணவரைக் கேட்கலாம். அதற்கு முன் கேள்வி கேட்கப்பட வேண்டியது கல்லூரியைத்தான்.