யுடோரா: தபாலாபீஸை வீட்டுக்குக் கொண்டுவந்த மென்பொருள்

தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மின்னஞ்சல் மென்பொருளைக் கணினியில் நிறுவி, "நானே அமைத்துக்கொள்கிறேன்" என்று மேனுவல் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். உள்வரும் சர்வர் எது, அது பாப் வகையா ஐமேப் வகையா, போர்ட் எண் 110-ஆ, 995-ஆ, 143-ஆ, 993-ஆ என்று கேட்கும். அதெல்லாம் சொல்லி முடித்தால், வெளிச்செல்லும் சர்வர் எது, போர்ட் 25-ஆ, 465-ஆ, 587-ஆ, அதற்குப் பாஸ்வேர்டு உண்டா இல்லையா என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இருக்கிறது ஒரே ஒரு முகவரி, அதற்கு எதுக்குங்க இத்தனை கேள்வி?

இந்தப் படிவத்தை யாரும் உட்கார்ந்து ஒரே நாளில் வடிவமைக்கவில்லை. அகழாய்வுக் குழியில் மண்ணடுக்குகள் தெரியுமே, அது மாதிரி ஒவ்வொரு வரியும் ஒரு காலகட்டத்தின் படிவு. கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

அடியிலிருக்கும் அடுக்கு 1982. அந்த ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம்தான் எஸ்எம்டிபி. கடிதம் அனுப்பும் முறையை மட்டும் சொன்ன ஆவணம் இது. ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்திடம் கடிதத்தைக் கொடுக்க வேண்டும், இரண்டுமே இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும் பெரிய இயந்திரங்கள். பயனர் அந்தப் பெரிய இயந்திரத்தின் டெர்மினலில் உட்கார்ந்து அங்கேயே படித்துக்கொள்வார். கடிதத்தை "எடுத்து வருவது" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாஸ்வேர்டுக்கும் இடமில்லை. வலையில் இருந்தது சில நூறு இயந்திரங்கள், பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். கடிதம் கொடுக்க வருகிறவரை நீ யார் என்று கேட்க வேண்டிய தேவையே யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. அதை ராத்திரி அணைத்துவிடுவார்கள். அணைத்துக் கிடக்கும் பெட்டிக்குக் கடிதம் வந்தால் யார் வாங்கி வைப்பது? இதற்குப் பதிலாக 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் எழுதியது ஆர்எஃப்சி 918, அதாவது தபாலாபீஸ் நெறிமுறை, பாப். பெயரிலேயே கதை முழுக்க இருக்கிறது. உன் கடிதங்களைத் தபாலாபீஸ் வாங்கி வைத்திருக்கும். நீ வசதிப்பட்டபோது வா, பெயரையும் ரகசியச் சொல்லையும் சொல்லு, கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. 1988-ல் வந்த பாப்3 என்ற மூன்றாவது வடிவம்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, அனுப்பும் வழி ஒரு வருடத்தில், எடுக்கும் வழி வேறொரு வருடத்தில், வெவ்வேறு ஆட்களால் உருவானது. நம் படிவத்தில் இரண்டு சர்வர் கேட்பது அதனால்தான்.

அதே 1988-ல்தான் நம்ம கதாநாயகன் வருகிறார். ஸ்டீவ் டார்னர், அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் புரோகிராமர். மேக்கின்டாஷில் ஓடுகிற மாதிரி ஒரு மெயில் மென்பொருளை எழுத ஆரம்பித்தார். முதல் பதிப்புக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. சுமார் 50,000 வரி சி நிரல், ஒற்றை ஆளாக. பெயர் வைப்பதில்தான் அவர் ரசனை தெரிகிறது. யுடோரா வெல்ட்டி என்ற மிசிசிப்பி எழுத்தாளர் 1941-ல் ஒரு சிறுகதை எழுதியிருந்தார். குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டு, தான் வேலை பார்க்கும் குட்டித் தபாலாபீஸுக்கே மூட்டைமுடிச்சோடு குடிபோய்விடும் ஒரு பெண்ணின் கதை. நாள் முழுக்க மெயிலோடே கிடந்த டார்னருக்குத் தானும் தபாலாபீஸில் குடியிருப்பதாகத் தோன்ற, மென்பொருளுக்கு யுடோரா என்று பெயர் வைத்துவிட்டார். எழுத்தாளர் பெயரில் மென்பொருள் அமைவது அபூர்வம்தான். நம் ஊரில் யாராவது ஒரு மெயில் மென்பொருளுக்கு மௌனி என்று பெயர் வைக்கலாம்; கடிதமே வராத நாட்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

பிறகு குவால்காம் நிறுவனம் யுடோராவை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது, 1992-ல் டார்னரும் அங்கே வேலைக்குப் போனார். விண்டோஸுக்கும் வந்தது. இலவசமான லைட் பதிப்பு ஒன்றும் காசு கொடுத்து வாங்கும் ப்ரோ பதிப்பு ஒன்றும் இருந்தன. 2000-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், நீங்கள் கோபமாக எதையாவது எழுதினால் பக்கத்தில் மிளகாய்ப் படம் காட்டும். கோபம் ஏற ஏற மிளகாயும் கூடும், அதிகபட்சம் மூன்று. மெயிலை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்கிறதாம். இந்த வசதியை ஏன் எல்லா மென்பொருளும் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். வாட்ஸப்பில் உடனடியாகத் தேவை!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் வழியாக. ஷெல் கணக்கு வைத்திருந்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் பைன் என்ற எழுத்து மட்டும் கொண்ட மென்பொருள். டிசிபி/ஐபி கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் படத்தோடு பிரவுசரும், யுடோரா மாதிரியான மென்பொருளும். நான் கல்லூரியில் படித்த காலம் இது. மோடத்தின் அந்த கீச்சுச் சத்தம் கேட்ட நொடியிலிருந்து டெலிபோன் மீட்டர் ஓடும். இணையக் கணக்கின் மணி நேரம் ஒரு பக்கம் கரையும், போன் பில் இன்னொரு பக்கம் ஏறும்.

இங்கேதான் பாப்3-யின் பழைய அனுமானம் நமக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இணைப்பில்லாமலே உட்கார்ந்து நிதானமாகப் பத்துக் கடிதம் எழுதலாம். ஒவ்வொன்றையும் "க்யூ" பட்டனை அழுத்தி வரிசையில் நிறுத்தலாம். எல்லாம் முடிந்ததும் டயல் பண்ணி, எழுதியதை அனுப்பி, வந்ததை இறக்கி, லைனைக் கட் பண்ணிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. வந்த கடிதங்களை ராத்திரி முழுக்கப் படிக்கலாம், மீட்டர் ஓடாது. வெப்மெயிலில் படிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு.

பாஸ்வேர்டு கேட்காத எஸ்எம்டிபியின் வண்டவாளம் இந்தக் காலத்தில்தான் தண்டவாளம் ஏறியது. யார் வேண்டுமானாலும் யார் சர்வர் வழியாக வேண்டுமானாலும் குப்பை மெயில் அனுப்பலாம் என்று ஆனது. இதற்கு ஒரு ஒட்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்: கடிதம் எடுக்க வந்து பாஸ்வேர்டு சொன்னவரை, அடுத்த சில நிமிஷங்களுக்கு மட்டும் அனுப்பவும் விடுவது. நான் முதலில் வேலை பார்த்த ஆபீஸில் மானிட்டர் ஓரமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "முதலில் செக் மெயில். பிறகு சென்ட்." ஏதோ சாஸ்திரம் என்று நினைத்து எல்லோரும் கடைப்பிடித்தார்கள். முறையான வைத்தியமாக, பயனர்கள் கடிதம் கொடுப்பதற்கென்றே 587 என்ற தனி வாசலை 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2476 வரையறுத்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் யுடோராவின் குவால்காம்காரர். பாஸ்வேர்டு கேட்கும் வழி 1999 மார்ச்சில் வந்தது. படிவத்தின் கீழ்ப்பாதிக் கேள்விகள் எல்லாம் இந்தக் குப்பை மெயில் காலத்துப் படிவுகள்.

சரி, இறக்கிய கடிதம் எங்கே போய் உட்காரும்? இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

2019-ல் ஒரு நண்பர் பழைய சிடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா 1998-ல் அமெரிக்கா போனதிலிருந்து அப்பாவும் அக்காவும் எழுதிக்கொண்ட மெயில்கள் வீட்டுக் கணினியின் யுடோராவில் இருந்தன. கணினியைக் கழித்துக்கட்டும்போது யாரோ புண்ணியவான் அந்த ஃபோல்டரை அப்படியே சிடியில் எழுதி வைத்திருந்தார். அக்கா பக்கத்துப் பிரதிகள் ஒரு இலவச வெப்மெயிலில் இருந்தவை. ரொம்ப நாள் உள்ளே போகாததால் கணக்கையே மூடிவிட்டார்கள். உலகத்தில் மிஞ்சியது இந்தச் சிடி மட்டும்.

எந்தச் சிறப்பு மென்பொருளும் தேவைப்படவில்லை. இன், அவுட் என்று இரண்டு எம்பிஎக்ஸ் கோப்புகள். சாதாரண நோட்பேடில் திறந்தேன், வரிசையாக எல்லாக் கடிதமும் இருந்தது. யுடோரா பயன்படுத்தியது எம்பாக்ஸ் என்ற யுனிக்ஸ் காலத்து வடிவத்தை. எல்லாக் கடிதத்தையும் ஒரே நீளமான எழுத்துக் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிடுவது, அவ்வளவுதான். ஒவ்வொரு கடிதத்தின் தொடக்கத்திலும் "ஃபிரம்" என்ற சொல்லோடு ஒரு பிரிப்பு வரி. அனுப்பியவர் முகவரி வரவேண்டிய இடத்தில் யுடோரா ???@??? என்று கேள்விக்குறிகளைப் போட்டுவிடும். அசல் முகவரி அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்.

முதல் இரண்டு வருடக் கடிதங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். மளிகை விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், பேரனுக்குச் சளி பிடித்தால் என்ன கொடுக்க வேண்டும் என்பது மாதிரி. பிறகு அப்பா தமிழ் எழுத்துருவுக்கு மாறியிருக்கிறார். அங்கேதான் திரையில் கொக்கியும் புள்ளியுமாக ஐரோப்பிய எழுத்துகள். அவர் பயன்படுத்தியது டிஸ்கி குறியாக்கம். யுடோராவுக்கு யூனிகோட் கடைசி வரைக்கும் சரியாக வரவில்லை. ஆனால் காட்டும் எழுத்துருவை மாற்றினால் போதும், டிஸ்கித் தமிழ் அழகாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கல். சில கடிதங்களில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளுமாகச் சிதைந்திருந்தது. 1982-ன் எஸ்எம்டிபி ஏழு பிட் ஆங்கிலத்தை மட்டும்தான் சுமக்கும், மற்றதை இப்படி மூட்டை கட்டித்தான் அனுப்ப வேண்டும். முதலில் மூட்டையை அவிழ்த்து, பிறகு யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன பைதான் நிரல் எழுதினேன். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எல்லாவற்றையும் இடம் மாற்றி உட்கார வைத்ததும் கடிதங்கள் எழுந்து நின்றன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது நண்பரின் அம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டு, "அவர் பேசற மாதிரியே இருக்குப்பா" என்றார்.

படங்கள் கிடைக்கவில்லை. வரும் இணைப்புகளை யுடோரா கடிதத்திலிருந்து கழற்றித் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, கடிதத்தில் அந்தக் கோப்பு இருக்கும் பாதையை மட்டும் ஒரு வரியாக எழுதி வைக்கும். அந்த ஃபோல்டர் டி டிரைவில் இருந்திருக்கிறது, சிடிக்கு வரவில்லை. பேரனின் முதல் பிறந்தநாள் படங்களுக்குப் பதிலாகக் கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

படிவத்தின் முதல் கேள்வியான "பாப்பா, ஐமேப்பா" என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐமேப் 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், எத்தனை கணினியிலிருந்தும் வந்து பார் என்கிறது. போனும் லேப்டாப்பும் வைத்திருக்கும் நமக்கு அதுதான் வசதி, மறுக்கவில்லை. 1996-ல் ஹாட்மெயில், 2004 ஏப்ரல் 1-ல் ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயில் என்று வந்தபின் கடிதத்தை எடுத்து வருவதே பழங்கால வழக்கமாகிவிட்டது. பாப்3 வழக்கொழிந்தது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. இருக்கிற வழிகளில் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது அது ஒன்றுதான். டிஸ்க் போனால் கடிதமும் போச்சு என்பது அதன் விலை. "சர்வரிலும் ஒரு பிரதி வை" என்ற ஒரு டிக் அதற்குத்தான்.

நான் இப்போது தண்டர்பேர்டில் ஐமேப்பாகத்தான் அமைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் முந்தைய வருடக் கடிதங்களை "லோக்கல் ஃபோல்டர்ஸ்" பகுதிக்குப் பிரதியெடுத்து, அந்தக் கோப்பை இரண்டு வெளி டிஸ்கில் போட்டு வைக்கிறேன். தண்டர்பேர்டும் இயல்பாக எம்பாக்ஸில்தான் சேமிக்கிறது. இணைப்புகளையும் கழற்றாமல் கடிதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

யுடோராவை வணிக மென்பொருளாக நடத்துவதை நிறுத்தப்போவதாகக் குவால்காம் 2006-ல் அறிவித்தது. தண்டர்பேர்ட் நிரலை எடுத்து யுடோரா மாதிரி வேஷம் கட்டும் முயற்சி ஒன்று நடந்தது, பழைய பயனர்களுக்குப் பிடிக்கவில்லை. 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அசல் மூல நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. மேக் பதிப்பு சி மொழியில், விண்டோஸ் பதிப்பு சி++ மொழியில். யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நான் முதலில் தேடிப் பார்க்க நினைப்பது மிளகாய் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதைத்தான்.