கோவை மாவட்ட இணையதளம் கடந்து வந்த பாதை

நிரல் எழுதத் தெரியாதவரும் இணையதளத்தில் செய்திகளைப் பதிவேற்றித் திருத்த வழிசெய்யும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. 2001இல் ட்ரூபல், 2003இல் வேர்ட்பிரஸ், 2005இல் ஜூம்லா ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் வெளிவந்தன.

தமிழ்த் தளங்களுக்கு, எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறையான எழுத்துக் குறியேற்றமே முதல் தடையாக இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. திஸ்கி என்ற குறியேற்றமும் புழக்கத்தில் இருந்தது. குறியேற்றத்துக்கு ஏற்ற எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் படிக்க முடியாமல் போனது. தேடலும் வரிசைப்படுத்தலும் சிக்கலாயின.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அதே ஆண்டில் தமிழக அரசு, பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றது. ஒரே மென்பொருளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கையாள்வது இதனால் எளிதாயிற்று.

கோவை மாவட்ட நிர்வாகத்தின் இருமொழி இணையதளம் இன்று, தேசிய தகவலியல் மையம் அரசு அலுவலகங்களுக்காக உருவாக்கிய எஸ்3வாஸ் என்ற இணையதள அமைப்பில் இயங்குகிறது. பொதுவான வார்ப்புருக்களும் பாதுகாப்பும் மையத்தின் பொறுப்பு. உள்ளடக்கம் மாவட்டத்தின் பொறுப்பு. பல மாவட்டங்களுக்கு ஒரே அமைப்பு என்பதால் பராமரிப்பு எளிது. தனி வடிவமைப்புக்கான இடம் குறைவு.