சிக்கனத்தில் பிறந்த சிம்பியன்

கைப்பேசியில் எண்ணை அழுத்தினால் அது திரையில் தோன்றுகிறது. அழைப்பு வந்தால் மணி ஒலிக்கிறது. இவ்வேலைகளை ஒழுங்குபடுத்தி, நுண்செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல் தொகுதியே இயக்க அமைப்பு ஆகும். ஆண்ட்ராய்டு வருவதற்கு முன்பு உலகின் திறன்பேசிகளில் பெரும்பாலானவற்றை இயக்கியது சிம்பியன் என்னும் அமைப்பு. அதை வளர்த்த பண்பே பின்னர் அதற்குச் சுமையாகவும் ஆயிற்று. அது எப்படி?

சிம்பியனின் மூதாதை கைப்பேசி அன்று. டேவிட் பாட்டர் 1980ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய சயான் நிறுவனம், 1984இல் 'ஆர்கனைசர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் திரையில் ஒரே வரி. அவ்வரியில் 16 எழுத்துகள். நினைவகமோ 2 கிலோபைட்தான்! 1997இல் வந்த 'சீரிஸ் 5' கருவியில் 4 அல்லது 8 மெகாபைட் நினைவகம் இருந்தது. இரண்டு பென்டார்ச் பாட்டரிகளே அதற்குப் போதும். அதை இயக்கியது 'ஈபாக் 32' என்னும் புதிய அமைப்பு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேசைக் கணிப்பொறியை மாலையில் நிறுத்தினால் அதன் நினைவகம் துடைக்கப்பட்டு, மறுநாள் வேலை புதிதாகத் தொடங்கும். கையடக்கக் கருவியின் நினைவகமோ மாதக்கணக்கில் துடைக்கப்படுவதில்லை. உரிமையாளரின் முகவரிகளும் குறிப்புகளும் அதில்தான் இருந்தன. எனவே ஒரு நிரல் தான் கடன் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தர மறந்தால், ஓட்டைக் குடத்து நீர்போல இடம் சிறுகச் சிறுகக் குறைந்து, ஒருநாள் கருவியே முடங்கிவிடும்.

ஆகவே, வடிவமைப்பாளர்கள் சிக்கனத்தைச் சட்டமாக்கினர். முதலாவதாக, நிரல் பெற்ற நினைவகத் துண்டுகளை ஒரு தனி அடுக்கில் பதிந்து வைக்க வேண்டும். வேலை பாதியில் முறிந்தால், அந்த அடுக்கைப் பார்த்து அமைப்பே அவற்றை மீட்டுக்கொள்ளும். இரண்டாவதாக, ஒவ்வோர் எழுத்துத் தொடரும் தன் நீளத்தைத் தன்னுடனே சுமந்து வரவேண்டும். அப்போதுதான் ஒதுக்கிய எல்லையை மீறி எழுதும் தவறு தடுக்கப்படும். மூன்றாவதாக, அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்திருக்கும் நிரல் வீணே சுழன்றுகொண்டிராமல் உறங்க வேண்டும். நுண்செயலி உறங்கினால் மின்சாரம் மிச்சமாகும் அல்லவா?

கைப்பேசி உற்பத்தியாளர்களுக்கும் இவையே தேவைப்பட்டன. 1998ஆம் ஆண்டில் சயான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவை கூடிச் சிம்பியன் நிறுவனத்தை உருவாக்கின. ஈபாக் அமைப்பே சிம்பியனாக வளர்ந்தது. 2000இல் எரிக்சன் ஆர்380, 2001இல் நோக்கியா 9210, 2002இல் ஒளிப்படக் கருவி பொருத்திய நோக்கியா 7650 எனக் கருவிகள் தொடர்ந்து வந்தன.

2007இல் வெளிவந்த ஐபோனில் 128 மெகாபைட் நினைவகம் இருந்தது. நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் பழைய விதிகள் இடையூறாயின. சிறு நிரல் எழுத விரும்பியவரும் அத்தனை விதிகளையும் முதலில் கற்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, நிறுவனங்கள் வெவ்வேறு திரைமுகங்களைப் பயன்படுத்தியதால் ஒரு கருவிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடவில்லை. 2008இல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியும் விற்பனைக்கு வந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் திறன்பேசிகளுக்கு விண்டோஸ் போன் அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. 2012இல் வந்த 808 பியூர்வியூ அந்நிறுவனத்தின் கடைசிச் சிம்பியன் கைப்பேசி ஆகும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நினைவகம் பெருகிய வேகத்தில் பாட்டரியின் ஆற்றல் பெருகவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் கைப்பேசியில் நிரல்களின் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும் 'டோஸ்' என்னும் முறையைக் கொண்டுவந்தது. வேலையில்லாதபோது உறங்கு என்னும் பழைய விதி, வேறோர் உருவில் மீண்டும் தேவைப்பட்டது. இரவில் நம் தலைமாட்டில் கிடக்கும் கைப்பேசி விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது என்றால், இத்தகைய சிக்கனமும் அதற்கு ஒரு காரணம்.